லா கோம்ப் வீட்டுக்காரி

ஃபெர்னான் மாமா கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலேயே செத்துப்போனார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். அவெரோன் ஆற்றுக்கு மேலே, லா கோம்ப் என்கிற பத்து வீட்டு ஊரில் அவர் விட்டுப்போன கல்வீடு, அவருடைய அக்கா தங்கைகளின் பிள்ளைகள் நாலு பேருக்கும் சம பங்காக வந்து சேர்ந்தது. பத்திரம் எழுதிய நோட்டரியின் அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் நாலு பேரும் எதிரே இருந்த காபிக்கடையில் உட்கார்ந்து, இந்த வீட்டை எந்தக் காலத்திலும் விற்கக்கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். மூத்தவர் பெர்த்ராணுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. அப்புறம் ஆகஸ்ட் மாதம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. கலங்கிய கண் அந்த நிமிஷமே காய்ந்தது.

மூத்தவர் என்ற உரிமையில் ஆகஸ்ட் முதல் பாதி பெர்த்ராணுக்கு. போர்தோவில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்திருந்தவர். எதையும் முதலில் எடுத்துக்கொண்டு, காரணத்தைப் பிறகு சொல்லிப் பழகியவர். அவருடைய கூடப்பிறந்த தங்கை மாரி-ஒதிலின் கணவர் ஹ்யூபேர் பாரிஸில் பல் டாக்டர். அவர் கிளினிக்கை மூடுவதே ஆகஸ்ட் பின்பாதியில்தான் என்பதால் அது அவளுக்கு. கடைசிச் சித்தியின் மகன் திதியே, காலண்டர் பார்த்து வாழ்கிற ஆள் தான் இல்லை என்று சொல்லிவிட்டான். நினைத்தபோது வருவான் என்று அர்த்தம். மிச்சம் இருந்தவள் ஜொஸ்லின், நடுச் சகோதரியின் ஒரே மகள். துலூஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. ஜூலை முதல் வாரத்தில் பள்ளி மூடுகிறதல்லவா, அந்த வாரம் அவளுக்கென்று முடிவாயிற்று.

"உனக்கு எவ்வளவு தோதா அமைஞ்சிருக்கு பாரு ஜொஸ். ஊர்ல கூட்டமே இருக்காது," என்றாள் மாரி-ஒதில்.

கூட்டம் இல்லை, உண்மைதான். செத்த எலிகள் இருந்தன. எட்டு மாதம் பூட்டிக்கிடந்த வீட்டை முதலில் திறக்கிறவள் அவள். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் எங்கே ஒழுகுகிறது என்று ஓடி ஓடிப் பார்க்கவேண்டும். மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டவேண்டும். புகைபோக்கிக்குள் குளவிக்கூடு, வாசலில் ஆளுயரத்துக்குக் காஞ்சொறிச் செடி. ஏழு நாளும் இடுப்பு ஒடிய வேலை செய்து, வீடு ஒருவழியாகக் குடியிருக்க லாயக்காகும்போது சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடும். அவள் பஸ் ஏறி துலூஸுக்குத் திரும்புவாள். மற்றவர்கள் வந்து, நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, "நம்ம வீட்டுக் காத்துக்கு ஈடு இணை உண்டா!" என்று சொல்லிக்கொள்வார்கள். மாரி-ஒதில் மட்டும் அக்கறையோடு போன் பண்ணுவாள்: "அலமாரியில இன்னும் பூஞ்சை வாடை அடிக்குது ஜொஸ். அடுத்த தடவை கொஞ்சம் பாரு."

அக்டோபர் கடைசியில் வீட்டை மூடுகிற வேலையும் எப்படியோ அவளிடமே வந்து சேர்ந்தது. அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகி, மூன்று வருஷத்தில் முடிந்தும் போயிருந்தது, பிள்ளை கிடையாது. "உனக்கென்ன, தனி ஆள்" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தால் அதற்குப் பின்னால் ஒரு வேலை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. பின்பக்கம் ஓர் அத்திமரம் நின்றது. ஆகஸ்டில் அதன் பழம் கனிந்து, கல் சுவரில் வெயில் ஏறி, ஊரே சாயங்காலம்வரை தூங்கும். அந்த நிழலில் சாய்வு நாற்காலி போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, மடியில் ஒரு கொலைக்கதைப் புத்தகத்தோடு, யாருக்கும் ஒன்றும் சமைக்காமல் ஒரு முழு ஆகஸ்ட் உட்கார்ந்திருக்கவேண்டும். அவ்வளவுதான். ஜூலை முதல் வாரத்தில் அந்தப் பழம் பச்சையாக, கல் மாதிரி இருக்கும்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

ஒரு பிப்ரவரியில் அடித்த காற்றில் கூரை ஓடு பாதி பறந்துபோனது. பக்கத்து வீட்டு ரெமோந்த்தான் போன் பண்ணிச் சொன்னாள். ரெமோந்த் அந்த ஊர்க்காரி. குளிர்காலத்தில் ஆடு பார்ப்பாள், கோடையில் ஆற்றங்கரையில், லீவுக்கு வருகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்குகிற நகராட்சி கேம்பிங்கில் வாசல் கூண்டில் உட்கார்ந்து சீட்டுக் கிழிப்பாள். "உங்க மாமா படுக்கைக்கு மேல இப்ப வானம் தெரியுது," என்றாள் ரெமோந்த். "பாக்க நல்லாத்தான் இருக்கு. மழை வந்தா நல்லா இருக்காது."

கூரைச் செலவை நாலாகப் பிரிக்கவேண்டும் என்றதும் சத்தியம் பண்ணியவர்களுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. பெர்த்ராணுக்கு முட்டி வலி, அந்தப் படிக்கட்டு ஆகவே ஆகாது. ஹ்யூபேருக்குக் கடல்தான் ஒத்துக்கொள்ளும், இனிமேல் பிரித்தானிக் கடற்கரைப் பக்கம் போகப்போகிறார்கள். திதியேவுக்குப் பங்கைப் பணமாகக் கொடுத்தால் ஒரு வேன் வாங்கி, அதிலேயே படுத்துக்கொண்டு உலகம் சுற்றுவான். மூன்று பேரும் ஆளுக்கொரு நாள் ஜொஸ்லினைக் கூப்பிட்டு, ஏதோ பெரிய உபகாரம் செய்கிற குரலில், என் பங்கை நீயே வாங்கிக்கொள்ளேன் என்றார்கள்.

அம்மா விட்டுப்போன சின்ன ஃபிளாட்டை விற்று அவள் வாங்கினாள். கூரையையும் அவளே போட்டாள். நோட்டரி முன்னால் கடைசிக் கையெழுத்தைப் போட்டபோது, "ஆகஸ்டை வாங்கிவிட்டேன்" என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வரும் வழியில் நீலக் கோடு போட்ட சாய்வு நாற்காலி ஒன்றும் வாங்கினாள்.

அந்தக் கோடையில் அவள் அத்திமரத்தடியில் உட்கார்ந்தது மொத்தம் நாலு நாள். ஐந்தாம் நாள் போன் அடித்தது.

"ஜொஸ், நாங்க ஸ்பெயினுக்குக் கிளம்பிட்டோம்," என்றார் பெர்த்ராண். "எப்படியும் உன் வழியாத்தானே போகணும். ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயிடுறோம். உனக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே?"

போர்தோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போகிறவர் லா கோம்ப் வழியாகப் போகவேண்டும் என்றால் வழி தெரியாமல் தொலைந்திருக்கவேண்டும். பெர்த்ராண் தொலையவில்லை. மனைவி, மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு நாய் எல்லாரோடும் நேராக வந்து சேர்ந்தார். முட்டி வலிக்காரர் படிக்கட்டில் ஏறி மாடியில் நல்ல அறையைப் பிடித்தார். அந்த ஒரு ராத்திரி மாதக் கடைசிவரை விடியவே இல்லை. ஸ்பெயின் அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது.

பிரித்தானியில் விடாமல் மழை என்று மாரி-ஒதிலும் ஹ்யூபேரும் வந்தார்கள். உலகம் சுற்றப் போன திதியே, ஒரு சிநேகிதியோடு வேனை முற்றத்தில் நிறுத்தி, சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுத்து மின்சாரம் எடுத்துக்கொண்டான்.

அவர்கள் வந்தது ஜொஸ்லினுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடு நிறைந்திருந்தது, ராத்திரி வாசலில் சிரிப்புச் சத்தம். இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்று புலப்பட்டது. பங்குக்காரர்களாக இருந்தபோது இந்த ஆட்கள் கொஞ்சமாவது வேலை செய்தார்கள். பெர்த்ராண் தன் வாரங்களில் புல் வெட்டுவார், ஜன்னல் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பார். மாரி-ஒதில் செம்புப் பாத்திரங்களை யாரையும் தொடவிடாமல் தானே தேய்ப்பாள். இப்போது அவர்கள் விருந்தாளிகள்.

"புல்லு என்ன ஜொஸ் இப்படி வளந்து கிடக்கு? நீ ஏதாவது பண்ணணும்," என்றார் பெர்த்ராண், நீலக் கோட்டு நாற்காலியில் சாய்ந்தபடி.

"நீங்க வெட்டுவீங்களே அண்ணே. மிஷின் கொட்டகையிலதான் இருக்கு."

"அது அப்போ. இப்போ இது உன் இடம். நான் உரிமை எடுத்துக் கை வைக்கிறது நல்லாவா இருக்கும்?"

மாரி-ஒதிலும் அதே மரியாதை தெரிந்தவள்தான். சாப்பிட்ட தட்டை எடுக்க எழுந்தவள், "ஐயோ, உன் சமையலறையில எது எங்க இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்?" என்று திரும்ப உட்கார்ந்துவிட்டாள். அந்த அலமாரிகளை அடுக்கியதே அவள்தான்.

மத்தியானம் பதினோரு பேருக்குச் சாப்பாடு, ராத்திரி பதினோரு பேருக்குச் சாப்பாடு. "பதினோரு பேரெல்லாம் உனக்கு ஒரு கணக்கா அக்கா? முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுறவ நீ," என்று திதியே அவள் தோளைத் தட்டினான். அவள் மெலோன் பழம் நறுக்கினாள், தொத்திறைச்சி சுட்டாள், வாத்துக் கறியும் வெள்ளை மொச்சையும் அடுப்பில் ஏற்றினாள். அத்திப்பழத்தைக் குளவிகள் தின்றன.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா பண்டிகை. நீள மேஜையை வெளியே போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெர்த்ராண் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "ஃபெர்னான் மாமாவுக்கு! நம்ம வீட்டுக்கு!" என்றார். "நம்ம வீட்டுக்கு!" என்று எல்லாரும் கிளாஸை மோதினார்கள். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கமிருந்து திதியே மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, உன் செப்டிக் டேங்க் பொங்குது."

மேஜையில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஜொஸ்லின் பக்கம் திரும்பின.

"உன் டேங்க்கை நீ எப்பக் கடைசியா எடுத்த?" என்று கேட்டார் பெர்த்ராண், இன்ஷூரன்ஸ்காரர் குரலில். கிளாஸ் இன்னும் கையில்தான் இருந்தது.

பண்டிகை நாளில் டேங்க் எடுக்கிற லாரி வராது. அவள் ஏப்ரனோடு போய் மண்வெட்டியால் வாய்க்கால் இழுத்து, பலகை போட்டு மூடிவிட்டு வந்தாள். கை கழுவித் திரும்பினபோது அவளுக்கு வைத்திருந்த வாத்துக் காலைப் பெர்த்ராணின் நாய் தின்றுகொண்டிருந்தது. குடிக்கும்போது நம்ம வீடு. பொங்கும்போது உன் வீடு. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டியில் பாலாடைக்கட்டி தடவித் தின்றுவிட்டு, பிளம் பழக் கேக்கை எடுத்து வந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தாள்.

அடுத்த கோடையும் அதே கதைதான். அதற்கடுத்த கோடையில், ஒரு காலை, ரொட்டி வாங்க அவள் கீழே இறங்கினாள். ரொட்டி வண்டி கேம்பிங் வாசலில்தான் நிற்கும். ஆறு பெரிய ரொட்டியைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு நின்றவளைக் கூண்டுக்குள்ளிருந்து ரெமோந்த் பார்த்தாள்.

"என்னடி, மூஞ்சி இப்படி வெளிறிக் கிடக்கு?"

"மத்தியானத்துக்கு என்ன ஆக்குறதுன்னு தெரியல. மாரி-ஒதில் அக்கா வெள்ளைப்பூண்டு சேர்க்க மாட்டா. பெர்த்ராண் அண்ணனுக்குப் பூண்டு இல்லாம இறங்காது."

"இதுக்கு நீ பள்ளிக்கூடத்துலயே இருந்திருக்கலாம். சம்பளமாவது குடுப்பாங்க." ரெமோந்த் கூண்டுக் கதவைத் திறந்தாள். "உள்ள போய் அந்தப் பாப்ளார் மரத்தடியில அஞ்சு நிமிஷம் உக்காரு. ஒரு ஹாலந்துக்காரன் நேத்து நாற்காலியை விட்டுட்டுப் போயிட்டான்."

ஜொஸ்லின் போய் உட்கார்ந்தாள். முழங்கால் அளவு தண்ணீரோடு ஆறு கூழாங்கல்மேல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் அவளைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு வேலை ஒன்றும் இல்லை. அவளிடம் உப்பு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரொட்டி முனையைக் கிள்ளி வாயில் போட்டாள், செருப்பைக் கழற்றினாள். கண்ணைத் திறந்தபோது வெயில் ஆற்றின் அக்கரைக்குப் போயிருந்தது.

வீட்டில் மற்ற பத்துப் பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

"ரொட்டி வாங்க இவ்வளவு நேரமா?" என்றார் பெர்த்ராண். "எங்களுக்கு என்ன ஆச்சோன்னு உனக்குக் கவலையே இல்லையா?"

அடுத்த நாள் காலையில் அவள் ஒரு பெட்டியோடு படியிறங்கி வந்தாள். வீட்டுச் சாவியைக் காபிக் கிண்ணங்களுக்கு நடுவே வைத்தாள். "நான் லீவுல போறேன்," என்றாள்.

"லீவா? எங்க?"

"கீழ. கேம்பிங்ல. ஒரு பழைய கேரவன் மாசக் கடைசிவரைக்கும் எடுத்திருக்கேன்."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். மாரி-ஒதில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "சொந்த வீடு இருக்கிறவ ஆத்தங்கரையில கேரவன்ல படுப்பாளா? ஊரு என்ன பேசும்? நாங்கதான் உன்னை வெளிய துரத்தினோம்னு பேசாதா?"

"நான் சொல்லிடுறேன் அக்கா. நீங்க எல்லாம் வற்புறுத்திப் போகச் சொன்னீங்கன்னே சொல்றேன்."

"சரி, யாரு சமைக்கிறது?" பெர்த்ராண் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கவேண்டும். நாயைக் கூப்பிட்டுத் தடவிக்கொடுத்தார்.

ஜொஸ்லின் நீலக் கோட்டு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே வரத்து ஆரம்பித்தது. முதலில் பெர்த்ராண். கேம்பிங் வாசலில் குறுக்குக் கட்டை போட்டிருந்தது.

"பேரு?" என்றாள் ரெமோந்த், பேனாவை எடுத்துக்கொண்டு.

"விளையாடாத ரெமோந்த். சின்னப் பிள்ளையில இருந்து என்னைத் தெரியும் உனக்கு."

"தங்குறவங்களைப் பாக்க வர்றவங்க சீட்டு எடுக்கணும். ஆளுக்கு ரெண்டு யூரோ."

"என் தங்கச்சியைப் பாக்கவா சீட்டு? ஃப்யூஸ் பெட்டி எங்க இருக்குன்னு ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடுறேன்."

"அவங்க குளிக்கப் போயிருக்காங்க. கரையேறி வந்தா கேட்டுச் சொல்றேன். நாளைக்குக் காலையில வாங்க."

அன்று ராத்திரி மேல் வீட்டில் மெழுகுவர்த்தி எரிந்ததாக ரெமோந்த் வந்து சொன்னாள். மறுநாள் மாரி-ஒதில் வடிகட்டியைத் தேடி வந்தாள். அவளும் சீட்டு எடுக்க மறுத்து, கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று கூவினாள். ஜொஸ்லின் ஆற்றில் மல்லாந்து மிதந்தபடி, கேட்காத தூரத்தில் இருப்பவள் போலக் கையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு வாரம் மேலே சண்டை நடந்தது. யார் கடைக்குப் போவது, யார் சமைப்பது என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினார்கள். கிளம்பிப் போய்விடுவார்கள் என்று ஜொஸ்லின் எதிர்பார்த்தாள். போகவில்லை. திதியேவின் சிநேகிதி மட்டும் போனாள். ஒரு காலையில் புல் வெட்டும் மிஷின் சத்தம் மலையிலிருந்து கீழே இறங்கி வந்தது. அப்புறம் சுத்தியல் சத்தம். பெர்த்ராண் முறை வைத்து ஆள் பிரித்திருக்கிறார், மாரி-ஒதில் செம்புப் பாத்திரம் தேய்க்கிறாள், திதியே செப்டிக் டேங்க் லாரியைத் தன் செலவில் கூப்பிட்டிருக்கிறான் என்று சேதி வந்தது. சேதி சொன்ன ரெமோந்துக்கே நம்பிக்கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜொஸ்லினை அழைத்தார்கள். இஸ்திரி போட்ட கவுனோடு, கடையில் வாங்கின கேக் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறிப் போய், தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். உட்காரவைத்தார்கள். பெர்த்ராண் ஆட்டுக்கறி சுட்டிருந்தார். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் ரத்தம். அவள் சாப்பிட்டு முடித்து, நாப்கினை மடித்து வைத்து, "நல்லா இருந்தது அண்ணே. உப்புதான் ஒரு கல்லு கூடிப்போச்சு," என்றாள். தட்டை எடுக்க எழவில்லை.

காபி வந்தபோது பெர்த்ராண் தொண்டையைக் கனைத்தார். "யோசிச்சுப் பாத்தேன் ஜொஸ். நான் இவ்வளவு உழைக்கிறேன். ஜன்னல் எல்லாம் அடிச்சாச்சு, புல்லு பாரு, கம்பளம் மாதிரி இருக்கு. ஆனா யாரோ ஒருத்தர் வீட்டுக்கு உழைக்கிற மாதிரி மனசுல ஒரு இது. என் பங்கை நான் திருப்பி வாங்கிக்கிறேனே. எல்லாரும் ஒண்ணா வச்சிருந்தா மாமா ஆத்மாவும் சந்தோஷப்படும்."

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணே," என்றாள் ஜொஸ்லின். "அந்தக் கேக்குல இன்னொரு துண்டு வைங்க."

இரண்டு கோடை ஆகிவிட்டது. இன்னும் யோசிக்கிறாள். ஜூலையில் வீட்டைத் திறக்க இப்போது பெர்த்ராணே வந்துவிடுகிறார். எலி பிடிப்பதில் தேறிவிட்டார். ஆகஸ்ட் முதல் தேதி ஜொஸ்லின் துலூஸிலிருந்து நேராகக் கேம்பிங்குக்கு வந்து கேரவனில் இறங்குகிறாள்.

"பேசாம அதை வித்துத் தொலைச்சா என்ன?" என்று ரெமோந்த் ஒரு நாள் கேட்டாள். "வரி கட்டுற, கூரைக்குக் கட்டின. ஒரு ராத்திரிகூட அங்க படுக்கிறது இல்ல."

"வித்துட்டா இவங்க எல்லாரும் எங்க வருவாங்கன்னு நினைக்கிற?" ஜொஸ்லின் மேலே மலையைக் காட்டி, பிறகு தன் கேரவனைச் சுற்றியிருந்த காலிப் புல்வெளியைக் காட்டினாள்.

ரெமோந்த் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம், ஊர் தூங்குகிற நேரம், கூண்டு ஜன்னலை யாரோ மெல்லத் தட்டினார்கள். பல் டாக்டர் ஹ்யூபேர். இருபத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷர் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி லா கோம்ப்பில் ஒருவரும் கேட்டதில்லை. கக்கத்தில் ஒரு சின்னக் கூடாரம், விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல்.

"சீட்டு எடுத்துக்கிறேன்," என்றார் தாழ்ந்த குரலில். "இடம் ஏதாவது காலியா இருக்குமா? மாரி-ஒதில்கிட்ட நான் மீன் பிடிக்கப் போறதா சொல்லியிருக்கேன்."

ரெமோந்த் திரும்பி, கூண்டு நிழலில் படித்துக்கொண்டிருந்த ஜொஸ்லினைப் பார்த்தாள். ஜொஸ்லின் புத்தகத்தில் விரலை வைத்து மூடிவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல மனுஷர்தான். கேட்டு வந்திருக்கிறார். இருந்தாலும் சொந்தம்.

"அந்தக் கடைசி மரத்தடி குடு," என்றாள் ரெமோந்திடம். பிறகு அவரிடம், "அத்தான், நாற்காலியை ஆத்தைப் பாத்துப் போடணும். என் பக்கம் திருப்பக்கூடாது. நீங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாது, நானும் கேக்க மாட்டேன்."

ஹ்யூபேர் தலையாட்டினார். யோசித்து இன்னொரு தடவையும் ஆட்டினார். அப்புறம் போய்க் கூடாரம் அடிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் முளைக்குச்சியோடு போராடினார். ஜொஸ்லின் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை என்று மேல் வீட்டில் மாரி-ஒதில் எல்லாரிடமும் குறைபட்டுக்கொண்டிருந்தாள்.